கோப்புகளுக்குள் ஒரு தேடல்: விக்ரம் சம்பத்தும் சர்ச்சைக்குரிய சரித்திர புருஷர்களும்

பெங்களூர் சிட்டி மார்க்கெட் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். கோட்டை வேங்கடரமண சுவாமி கோயிலும் திப்பு சுல்தானின் மர அரண்மனையும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. கோயில் மைசூர் மன்னர் சிக்கதேவராஜ உடையார் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. அரண்மனையை ஹைதர் அலி ஆரம்பித்து வைக்க, மகன் திப்பு 1791ல் முடித்தார். அதே 1791 மார்ச்சில்தான் கார்ன்வாலிஸ் பிரபுவின் படை பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தது. வெளியூரிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துக்கொண்டு போய் இரண்டையும் காட்டுவது பெங்களூரில் இருக்கும் நம்மவர்களுக்கு வழக்கம். "திப்பு நல்லவரா, கெட்டவரா?" என்று குழந்தைகள் கேட்டால், பெரும்பாலான பெரியவர்கள் காபி சாப்பிடலாம் வா என்று பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் பழைய ஆவணங்களைப் புரட்டுவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் இதே பெங்களூரில் பிறந்து வளர்ந்தவர். பெயர் விக்ரம் சம்பத். 1980ல் பிறந்தவர். பிலானி பிட்ஸில் பொறியியலும் கணிதமும் படித்து, பிறகு நிர்வாகவியலில் பட்டம் பெற்று, வங்கி, கம்ப்யூட்டர் கம்பெனிகளில் உத்தியோகம் பார்த்தவர். கர்நாடக சங்கீதம் முறையாகப் பயின்றவர். பின்னாளில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் சங்கீத ஆராய்ச்சிக்காக டாக்டர் பட்டம் வாங்கினார். சரித்திரத்தைப் பாடமாகப் படித்துப் பட்டம் வாங்கியவர் அல்ல. இதை அவருடைய எதிர்ப்பாளர்கள் குறையாகச் சொல்வதுண்டு. விஞ்ஞானம் படித்துவிட்டு வேறு துறைக்குப் போனவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் இருப்பதால் நமக்கு அது பெரிய குறையாகத் தோன்றாது. கணக்குப் படித்தவனுக்கு "இதை எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்கும் பழக்கம் வந்துவிடும். அது சரித்திரத்துக்கும் பயன்படும்.

அவர் சரித்திரத்தின் பக்கம் திரும்பிய கதை நம்மில் பலருக்கு நினைவிருக்கக்கூடிய ஒரு தொலைக்காட்சித் தொடரிலிருந்து தொடங்குகிறது. 1990ல் தூர்தர்ஷனில் சஞ்சய் கான் நடித்து இயக்கிய "தி ஸ்வோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்" வந்தது. பகவான் கித்வானி எழுதிய நாவலைத் தழுவியது. (இந்தத் தொடரின் படப்பிடிப்பில்தான் 1989 பிப்ரவரி 8 அன்று மைசூர் பிரீமியர் ஸ்டூடியோவில் பெரும் தீ விபத்து ஏற்பட்டு அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.) அது சரித்திரமா, கற்பனையா என்று வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. இது கற்பனைக் கதையைத் தழுவியது என்ற அறிவிப்போடு தொடர் ஒளிபரப்பாயிற்று. உடையார் வம்சத்தை, குறிப்பாக ராணி லக்ஷ்மம்மண்ணியை, அதில் காட்டியிருந்த விதம் மைசூர்க்காரர்களின் மனதைப் புண்படுத்தியது. அப்போது பள்ளிச் சிறுவனாக இருந்த விக்ரம் சம்பத், அந்த விவகாரம்தான் உடையார்களைப் பற்றித் தன்னைத் தேட வைத்தது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சிறுவயதில் ஆரம்பித்த அந்தத் தேடல், "ஸ்ப்ளென்டர்ஸ் ஆஃப் ராயல் மைசூர்" என்ற பருமனான நூலாக 2008ல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 28.

மைசூர் சரித்திரத்தை எழுதியவர்கள் அவருக்கு முன்னும் உண்டு. மார்க் வில்க்ஸ், லூயிஸ் ரைஸ் ஆகிய ஆங்கிலேயர்களைத் தவிர, காஞ்சீவரம் ஹயவதன ராவ் 1940களில் மூன்று பாகங்களாக எழுதிய மைசூர் சரித்திரம் இன்றும் ஆய்வாளர்கள் கையில் இருக்கிறது. ஆனால் அவையெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து படிப்பவர்களுக்கானவை. சாதாரண வாசகர் கையில் எடுத்துப் படிக்கும்படி ஒரே நூலில் உடையார் வம்சத்தின் கதையைத் தந்ததில்தான் சம்பத்தின் முதல் வெற்றி இருந்தது.

அந்த நூலுக்காக மைசூர் அரண்மனைக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, எதிர்பாராமல் வேறொன்று அகப்பட்டது. அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும். ஒரு விஷயத்துக்காகப் பழைய கோப்பைத் திறந்தால் அதற்குள் சம்பந்தமே இல்லாத இன்னொரு விஷயம் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். அவருக்குக் கிடைத்தவை கௌஹர் ஜான் என்ற பாடகியைப் பற்றிய கடிதங்கள்.

கௌஹர் ஜான் 1873ல் ஆஸம்கரில் பிறந்தவர். இயற்பெயர் ஐலீன் ஏஞ்சலினா யோவர்ட். தந்தை ஆர்மீனிய வம்சத்தவர். கணவரைப் பிரிந்த தாயார் இஸ்லாத்தைத் தழுவி மல்கா ஜான் என்ற பெயரில் காசியிலும் பிறகு கல்கத்தாவிலும் பாடிப் புகழ் பெற்றார். 1902 நவம்பரில் கிராமஃபோன் கம்பெனியின் கெய்ஸ்பர்க், ஒலிப்பதிவுக் கருவிகளோடு கல்கத்தாவுக்கு வந்தபோது, அந்த முதல் சுற்றிலேயே பாடி நாடு முழுதும் பிரஸித்தி அடைந்தவர் மகள் கௌஹர். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் "என் பெயர் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். இது கர்வம் என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் தட்டுகள் அச்சாவது ஜெர்மனியின் ஹானோவரில். எந்தத் தட்டில் யார் பாடியிருக்கிறார்கள் என்று அங்கிருந்த தொழிலாளர்களுக்குத் தெரிவதற்காகச் செய்த ஏற்பாடு அது. 1911 டில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முன்னிலையில் பாடியவர், சொத்தையெல்லாம் வழக்குகளிலும் நம்பிக்கைத் துரோகத்திலும் இழந்து, 1928ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆஸ்தானத்தில் மாதம் 500 ரூபாய் சம்பளத்தில் அமர்ந்தார். 1930 ஜனவரி 17 அன்று மைசூரிலேயே காலமானார். கடைசிக் காலத்தில் அவரைப் பற்றிய தடயங்கள் மைசூர் சமஸ்தானத்தின் காகிதங்களில்தான் தங்கியிருந்தன.

அந்தக் காகிதங்களிலிருந்து "மை நேம் ஈஸ் கௌஹர் ஜான்" 2010ல் உருவானது. இந்நூலுக்காகச் சாகித்ய அகாதெமி 2011ல் தொடங்கிய யுவ புரஸ்கார் பரிசு ஆங்கிலப் பிரிவில் அவருக்குக் கிடைத்தது. என் அபிப்பிராயத்தில் அவர் எழுதியதில் இதுவே சிறந்த நூல். ஒரு காலத்தில் நம் வீடுகளில் "தாஸி பாட்டு" என்று தட்டிக்கழித்த ஒரு கூட்டத்தாரில் ஒருவரை மனுஷியாக நம் முன்னே நிறுத்திய நூல் அது. இதே வேலையின் தொடர்ச்சியாகப் பெங்களூரில் "ஆர்கைவ் ஆஃப் இந்தியன் மியூஸிக்" என்ற அமைப்பை நிறுவி, மூர் மார்க்கெட் போன்ற இடங்களில் பழைய சாமான்களோடு போயிருக்கவேண்டிய 78 ஆர்.பி.எம். இசைத்தட்டுகளில் ஆயிரக்கணக்கானவற்றைக் கணினியில் ஏற்றி, எல்லோரும் இலவசமாகக் கேட்கும்படி செய்தார்.

அடுத்து அவர் எடுத்துக்கொண்டவர் நமக்கு மிகவும் நெருக்கமானவர்: வீணை எஸ். பாலச்சந்தர் (1927-1990). "வாய்ஸ் ஆஃப் தி வீணா" 2012ல் வந்தது. பாலச்சந்தரைப் பற்றிச் சொல்வதற்கு இந்த இதழ் முழுதும் போதாது. 1934ல் வந்த "சீதா கல்யாணம்" படத்தில் குடும்பமே நடித்தது. அண்ணா எஸ். ராஜம் ராமர், அக்கா ஜெயலக்ஷ்மி சீதை, அப்பா சுந்தரம் ஐயர் ஜனகர், குழந்தை பாலச்சந்தர் ராவணன் சபையில் கஞ்சிரா. அண்ணன் ராமனாகவும் தங்கை சீதையாகவும் நடிக்கலாமா என்று மயிலாப்பூரில் ஒரு பெரிய விவாதமே கிளம்பிற்று. குருவென்று யாரிடமும் உட்காராமல் வீணை கற்றவர். "அந்த நாள்" (1954) என்று பாட்டே இல்லாத தமிழ்ப்படத்தையும், "பொம்மை" (1964), "நடு இரவில்" (1970) போன்ற மர்மப் படங்களையும் எடுத்தவர். பத்மபூஷண் பெற்றவர்.

இத்தனையும் இருக்க, அவர் பெயரைச் சொன்னால் சங்கீத சபைகளில் முதலில் நினைவுக்கு வருவது சண்டைதான். நாலு ஸ்வரம், மூணு ஸ்வரம் வைத்து டாக்டர் பாலமுரளிகிருஷ்ணா புதிய ராகங்களை அமைத்ததாகச் சொன்னபோது அது ராகமே அல்ல என்று வரிந்துகட்டிக்கொண்டு எதிர்த்தார். சுவாதித் திருநாள் மகாராஜா வாக்கேயக்காரர் என்பதே ஜோடனை என்று வாதிட்டு, செம்மங்குடி ஸ்ரீநிவாஸய்யர் போன்ற பெரியவர்களோடு மோதினார். திருவனந்தபுரம் ராஜ குடும்பத்தின் மீது பக்தி கொண்ட பலருக்கு இது பெரிய அபசாரமாகப் பட்டது. இப்படிப்பட்டவரின் சரிதையை எழுதுவது லேசான காரியமல்ல. குடும்பத்தார் இருக்கிறார்கள், சிஷ்யர்கள் இருக்கிறார்கள், எதிர்க்கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். சண்டைகளை விட்டுவிட்டு வீணையை மட்டும் எழுதினால் பாதி மனிதர்தான் கிடைப்பார். சண்டைகளை மட்டும் எழுதினால் மற்றப் பாதி. சம்பத் இரண்டையும் எழுதினார். பின்னால் அவர் எடுத்துக்கொண்ட பெரிய ஆசாமிகளுக்கு இது ஒத்திகை மாதிரி அமைந்தது என்று தோன்றுகிறது.

பெரிய ஆசாமி என்றால் முதலில் விநாயக தாமோதர சாவர்க்கர் (1883-1966). இரண்டு பாகங்களாக வந்த சரிதை. முதல் பாகம் 2019ல், இரண்டாவது 2021ல். சாவர்க்கரைப் பற்றித் தனஞ்சய் கீர் 1950லேயே ஒரு முக்கியமான நூல் எழுதியிருக்கிறார். அதற்கும் முன்னால் 1926ல் "லைஃப் ஆஃப் பாரிஸ்டர் சாவர்க்கர்" என்று ஒரு நூல், நம் சென்னையில் அச்சாகி வந்தது. ஆசிரியர் பெயர் "சித்ரகுப்தா". 1987ல் அது மறுபடி அச்சானபோது, சித்ரகுப்தா என்பவர் சாவர்க்கரேதான் என்று முன்னுரையில் எழுதிவிட்டார்கள். அது வரை இவரா அவரா என்று பல பெயர்கள் அடிபட்டன. சர்ச்சைக்குரிய ஒருவரின் வாழ்க்கையை எழுத உட்காருகிறவர் படவேண்டிய பாட்டுக்கு இது நல்ல உதாரணம். ஒரு சாட்சியை அழைத்தால், வருவது பிரதிவாதியே வேறு பெயரில்.

சாவர்க்கர் விஷயத்தில் எல்லோரும் சண்டை போடுவது அந்தமான் சிறையிலிருந்து அவர் எழுதிய மனுக்களைப் பற்றி. ஐம்பது வருஷ தண்டனையோடு 1911 ஜூலையில் செல்லுலர் ஜெயிலுக்குப் போனவர், அதே ஆண்டிலேயே ஒரு மனுவும், 1913 நவம்பரில் உள்துறை உறுப்பினர் கிராடக் நேரில் வந்தபோது இன்னொன்றும், பின்பு 1920 வரை வேறு சிலவும் எழுதினார். "மன்னிப்புக் கேட்டவர்" என்கிறது ஒரு தரப்பு. "ராஜதந்திரம்" என்கிறது மற்றொன்று. சம்பத் இந்த மனுக்களை மறைக்கவில்லை. நூலிலேயே தந்து, அந்தக் காலத்தில் அரசியல் கைதிகள் மனுப் போடுவது சட்டம் அனுமதித்த வழிதான், மற்றக் கைதிகளும் போட்டார்கள் என்று வாதிடுகிறார்.

முப்பது வருஷத்துக்கு மேல் மனுக்களோடு பழகியவன் என்ற முறையில் இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மனுவின் தொடக்கத்தில் வரும் கும்பிடும், முடிவில் வரும் "தங்கள் கீழ்ப்படிந்துள்ள" என்பதும் எழுதுகிறவரின் மனதைக் காட்டுவதல்ல. அது படிவம். பஞ்சாயத்து யூனியனுக்குத் தெருவிளக்குக் கேட்டு எழுதுகிறவரும் அப்படித்தான் எழுதுவார். அதை வைத்துக்கொண்டு ஒருவரைக் கோழை என்பது கோப்பைப் படிக்கத் தெரியாதவர்கள் வேலை. ஆனால் மனுவின் நடுவில், விடுதலை செய்தால் நான் இன்னது செய்வேன் என்று மனுதாரர் தருகிற வாக்குறுதி இருக்கிறதே, அது படிவமல்ல. 1913 மனுவில் அப்படிப்பட்ட வாக்குறுதி இருக்கிறது. இதைத் தந்திரம் என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிட முடியாது. சம்பத் அந்த இடத்தில் சற்று வேகமாகக் கடந்து போகிறார் என்பது என் எண்ணம். முதல் பாகத்தில் நாயகன் மேல் ஆசிரியருக்குள்ள பரிவு பல பக்கங்களில் தெரிகிறது.

தேதி பார்ப்பதன் அவசியமும் இதில் உண்டு. காந்திஜி சொல்லித்தான் சாவர்க்கர் மனுப் போட்டார் என்று 2021ல் ஒரு பேச்சு எழுந்து பத்திரிகைகளில் அமர்க்களப்பட்டது. 1920 ஜனவரியில் சாவர்க்கரின் தம்பி கேட்டுக்கொண்டதன் பேரில், வழக்கின் உண்மைகளை எடுத்துச்சொல்லி ஒரு சுருக்கமான மனு தயாரிக்கும்படி காந்திஜி யோசனை சொன்னதும், அதே ஆண்டு மே மாதம் "யங் இந்தியா"வில் சாவர்க்கர் சகோதரர்களுக்காக எழுதியதும் உண்மை. ஆனால் 1911, 1913 மனுக்களின்போது காந்திஜி தென்னாப்பிரிக்காவில் இருந்தார். 1915 ஜனவரியில்தான் இந்தியா திரும்பினார். இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். யாரும் வைப்பதில்லை.

இரண்டாம் பாகம் இன்னும் கடினம். ரத்னகிரியில் எல்லா ஜாதியாரும் நுழையும் பதித பாவன மந்திர் கட்டுவதற்கு முன்நின்றது, பசுவைத் தெய்வமாக வழிபடுவதை மறுத்து எழுதியது, தன் உடலுக்கு வைதிகக் கிரியைகள் வேண்டாம் என்று சொன்னது ஆகியவை அவரைப் போற்றும் நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தால் கொஞ்சம் சங்கடப்படுவார்கள். காந்திஜி கொலை வழக்கில் 1949 பிப்ரவரி 10 அன்று கோர்ட் அவரை விடுவித்தது. அவர் காலமான பிறகு 1969ல் அறிக்கை தந்த கபூர் கமிஷனோ, அவரும் அவர் குழுவினரும் சதியில் சம்பந்தப்பட்டவர்கள் என்ற முடிவுக்கு வந்தது. இந்த இரண்டையும் ஒரே புத்தகத்தில் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

சாவர்க்கர் கதையில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. லண்டன் இந்தியா ஹவுஸில் அவருடன் இருந்தவர்கள் வரகனேரி வ.வே.சு. ஐயரும் எம்.பி.டி. ஆச்சார்யாவும். 1910ல் ஐயர் புதுச்சேரி வந்து சேர்ந்து, பாரதியார், அரவிந்தர் ஆகியோரோடு பத்து வருஷம் அங்கே இருந்தார். குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பிறகு சேரன்மாதேவி குருகுலத்தில் குழந்தைகளின் சாப்பாட்டுப் பந்தியைப் பற்றி எழுந்த சச்சரவு தமிழ்நாட்டு அரசியலையே திசை திருப்பிற்று. 1925 ஜூன் 3 அன்று பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் உயிரை விட்டார். அவர் வாழ்க்கையை ரா.அ. பத்மநாபன் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். சங்க நூலகங்களில் இருக்கவேண்டிய புத்தகம்.

எம்.பி.டி. ஆச்சார்யா என்றேனே, அதில் "எம்" என்பது மண்டயம். மண்டயம் ஐயங்கார்கள், மேல்கோட்டையையும் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் சேர்ந்த, வீட்டில் ஒருவகைத் தமிழ் பேசும் ஸ்ரீவைஷ்ணவர்கள். பாரதியாரின் "இந்தியா" பத்திரிகையை நடத்தியதும் மண்டயம் குடும்பத்தார்தான். விவேகானந்தரை அமெரிக்காவுக்கு அனுப்பப் பணம் திரட்டிய அளசிங்கப் பெருமாளும் மண்டயம். இவர்களில் பாரத்வாஜ கோத்திரத்தார் பலர் வீட்டில் நரக சதுர்த்தசி அன்று தீபாவளி கிடையாது. அந்த நாளில்தான் திப்பு சுல்தான் தங்கள் முன்னோர் எழுநூறு, எண்ணூறு பேரைக் கொன்றான் என்பது பரம்பரையாக வரும் செய்தி. ராணி லக்ஷ்மம்மண்ணியின் பிரதானிகளான திருமலை ராவும் அவர் சகோதரரும் மதராஸில் கம்பெனியாரோடு ரகசியமாகப் பேசி, 1782ல் தஞ்சாவூரில் ஒரு உடன்படிக்கையும் செய்துகொண்டார்கள். அவர்களுடைய உறவினர்கள் மீது அந்தக் கோபம் திரும்பியது என்பார்கள்.

சம்பத்தின் திப்பு சுல்தான் சரிதை 2024ல் வந்தது. தலைப்பிலேயே 1760 முதல் 1799 வரையான காலத்தை மைசூர் அரசின் "இடைக்காலம்" என்கிறார். அந்தச் சொல்லே ஒரு தீர்ப்பு. ஹைதரும் திப்புவும் மைசூரை அதுவரை காணாத வல்லரசாக்கியவர்கள் என்று நினைப்பவர் அந்தச் சொல்லைப் போடமாட்டார். நூல் திப்புவுக்கு அனுகூலமானதல்ல. மலபாரிலும் குடகிலும் நடந்ததைத் திப்புவின் சொந்தக் கடிதங்களிலிருந்தே எடுத்து வைக்கிறது. அந்தக் கடிதங்களில் ஒரு பகுதியை 1811லேயே கர்க்பாட்ரிக் மொழிபெயர்த்து வெளியிட்டிருக்கிறார்.

சான்றுகளின் தராதரம் இதில் ஒரு பெரிய தலைவலி. வில்க்ஸ் கம்பெனியின் உத்தியோகஸ்தர். திப்புவை வீழ்த்தியது நியாயம் என்று காட்டவேண்டிய இடத்தில் இருந்தவர். பாரசீகத்தில் எழுதிய கிர்மானி, திப்புவிடம் வேலை பார்த்தவர். அவருக்கு எது பெருமையாகப் பட்டதோ அதை மிகைப்படுத்திச் சொல்லியிருப்பார். இருவரும் ஒரே விஷயத்தைச் சொன்னால்கூட இரண்டு வேறு காரணங்களுக்காகப் பெரிதுபடுத்தியிருக்கலாம். மேல்கோட்டைச் சம்பவத்துக்குச் சமகாலச் சான்று போதாது என்று வாதிடும் சரித்திர ஆசிரியர்கள் உண்டு. அதற்காக இருநூறு வருஷமாக ஒரு சமூகம் தன் பண்டிகையை விட்டிருப்பதை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. சந்தோஷமான நாளை யாரும் காரணமில்லாமல் துக்க நாளாக்கிக்கொள்ள மாட்டார்கள்.

மறுபக்கமும் ஆவணமாகவே இருக்கிறது. 1791ல் பரசுராம் பாவுவின் மராட்டிய சைனியத்தோடு வந்த கொள்ளைக் கூட்டம் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியது. அப்போது ஜகத்குருவுக்கு ஆறுதல் சொல்லி, மடத்தைப் புனருத்தாரணம் செய்யப் பணமும் பொருளும் தரும்படி பெத்னூர் அதிகாரிக்கு உத்தரவிட்டவர் திப்பு. அவர் மடத்துக்கு எழுதிய சுமார் முப்பது கன்னடக் கடிதங்களை 1916ல் மைசூர் தொல்பொருள் இலாகாவின் டைரக்டர் ஆர். நரசிம்மாச்சார் கண்டுபிடித்தார். நஞ்சன்கூடு கோயிலில் திப்பு தந்ததாகச் சொல்லும் பச்சை லிங்கத்துக்கு இன்றும் பூஜை நடக்கிறது. திப்புவின் கஜானாவைப் பார்த்துக்கொண்ட பூர்ணய்யா பிராமணர். 1799 மே 4 அன்று திப்பு மாண்டபின், ஐந்து வயது மும்மடி கிருஷ்ணராஜ உடையாருக்கு அதே பூர்ணய்யாதான் திவான். ஆக, சிருங்கேரிக்குப் போகிற ஸ்மார்த்த குடும்பத்துக்கும் மேல்கோட்டை ஸ்ரீவைஷ்ணவ குடும்பத்துக்கும் திப்பு ஒரே ஆள் அல்ல. நம் சங்கத்தில் இரண்டு குடும்பத்தாரும் அங்கத்தினர்கள்.

சிருங்கேரிக் கடிதங்கள் பெரும்பாலும் 1791க்குப் பிறகானவை, அதாவது மூன்று பக்கமும் எதிரிகள் சூழ்ந்து திப்புவுக்கு உள்நாட்டு ஆதரவு தேவைப்பட்ட காலத்தவை என்று ஒரு வாதம் உண்டு. மலபார்க் கடிதங்கள் அதற்கு முந்தியவை. தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தால் இந்த வாதத்தில் விஷயம் இருக்கிறது. ஆனால் ஆபத்துக் காலத்தில் ஒருவர் யாரிடம் ஆசீர்வாதம் கேட்கிறார் என்பதும் அவரைப் பற்றிச் சொல்லக்கூடியதுதான்.

இந்த வேலைக்குச் சம்பத் கொடுத்த விலையையும் சொல்லவேண்டும். 2012ல் பெங்களூர் இலக்கிய விழாவைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். 2015ல் எழுத்தாளர்கள் விருதுகளைத் திருப்பித் தந்ததை அவர் விமர்சித்ததால் சில கன்னட எழுத்தாளர்கள் விழாவுக்கு வர மறுத்தார்கள். விழா நடக்கட்டும் என்று தன் பொறுப்பை ராஜினாமா செய்தார். அதே ஆண்டுதான் கர்நாடக அரசு திப்பு ஜயந்தியை ஆரம்பித்து, மடிக்கேரியில் கலவரமாகி உயிர்ச்சேதமும் ஆயிற்று. 2019ல் வந்த அரசு அந்த விழாவை ரத்து செய்தது.

2022 பிப்ரவரியில் வந்தது வேறு மாதிரி. அமெரிக்காவில் பணிபுரியும் ஆய்வாளர்கள் மூவர், லண்டன் ராயல் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார்கள். சாவர்க்கர் பற்றிய அவருடைய எழுத்தில் மற்ற ஆய்வாளர்களின் வாசகங்கள் உரிய முறையில் குறிப்பிடாமல் இடம்பெற்றிருக்கின்றன என்பது குற்றச்சாட்டு. தான் ஆதாரங்களைக் குறிப்பிட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்தார். டில்லி ஹைகோர்ட்டில் இரண்டு கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். பிப்ரவரி 18 அன்று அந்தக் கடிதத்தை மேலும் பரப்பக்கூடாது என்று இடைக்காலத் தடை கிடைத்தது. இடைக்காலத் தடை என்பது குற்றச்சாட்டின் மேல் தீர்ப்பு அல்ல. குற்றச்சாட்டு என்பதும் நிரூபணம் அல்ல. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும். பொதுவாக ஒன்று சொல்லலாம். தகவலை எங்கிருந்து எடுத்தோம் என்று அடிக்குறிப்பில் காட்டுவது ஒன்று, வாக்கியத்தையே எடுத்தால் மேற்கோள் குறி போடுவது இன்னொன்று. விஞ்ஞானக் கட்டுரைகளிலும் இதே விதிதான். சர்ச்சைக்குரிய மனிதர்களைப் பற்றி எழுதுகிறவர் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். எதிர்த்தரப்பு ஒவ்வொரு கால்புள்ளியையும் எண்ணிக்கொண்டிருக்கும்.

கடைசியாக நம் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. கௌஹர் ஜான் கிடைத்தது ஒரு சமஸ்தானத்தின் சம்பளக் கோப்பில். சிருங்கேரிக் கடிதங்கள் கிடைத்தது மடத்தில் கட்டி வைத்திருந்த ஒரு மூட்டையில். நம் வீட்டுப் பரண்களில் தாத்தாவின் டயரி, சமஸ்தான உத்தரவு, சுதந்திரப் போராட்டக் காலத்துக் கடிதம், பாட்டி கேட்ட இசைத்தட்டு என்று ஏதாவது இருக்கக்கூடும். ஃப்ளாட்டுக்குக் குடிபோகும்போது இவையெல்லாம் எடைக்குப் போகின்றன. போடுவதற்கு முன்னால் ஒரு தரம் தேதியையும் பெயரையும் பார்த்துவிட்டு, பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ எழுதிக் கேளுங்கள். கையால் எழுதினது படிக்கச் சிரமமாக இருந்தால், பழைய எழுத்துப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம் எல்லாக் கிளைகளிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.